எண்பது பல்லும் ஒரு ஜன்னலும்

முதலில் சத்தம்தான் வந்தது. ‘சர்ர்ரக்!’ யாரோ கெட்டித் துணியைக் கோபத்தோடு கிழிப்பதுபோல. என் பாதுகாப்புக் கண்ணாடி முழுக்க மரத்தூள், ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தேன். மேசை ரம்பத்திலிருந்து வெளியே வந்த பிளைவுட்டின் ஓரம் நாய் கடித்த செருப்பு மாதிரி இருந்தது.

“ஆச்சா?” என்றாள் மனைவி, தையல் மிஷினிலிருந்து தலை தூக்காமல்.

“கொஞ்சம் பிசிறு.”

“எலி கரண்டினாக்கூட இதைவிட நேரா கரண்டும்.”

விஷயம் இதுதான். குளிர்பதனக் கிடங்கில் எனக்குப் பத்தொன்பது வருடமாக ராத்திரி வேலை. அரை மணிக்கு ஒரு தடவை வெப்பமானியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். நடுவில் புத்தகம் படிப்பேன். நான் கற்றதெல்லாம் அப்படிக் கற்றதுதான். காலையில் வந்து படுத்தால் சூரியன் ஜன்னல் வழியே நேராக என் இமைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். திரை போட்டுப் பார்த்தேன். போர்வை கட்டிப் பார்த்தேன். கடைசியில் சபதமே போட்டேன்: பிளைவுட்டில் கச்சிதமாக ஓர் அடைப்பு, என் கையாலேயே செய்வது. நூலளவு வெளிச்சம்கூட உள்ளே வரக்கூடாது.

மனைவியின் யோசனை வேறு. நான் பகல் வேலைக்கு மாற வேண்டும். மாற்றல் மனு அலமாரியில் காத்திருந்தது. நாளையோடு கெடு முடிகிறது.

எனக்கு மாற இஷ்டமில்லை. பகலில் கிடங்கு நிறைய ஆட்கள். பேசுவார்கள். பதில் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் வெப்பமானியோடு மட்டுமே பழகியவனுக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை. இதை அவளிடம் சொன்னதில்லை. பழகிவிட்டது, அமைதியாக இருக்கிறது என்று எதையாவது சொல்லி மழுப்பிவந்தேன்.

“ஒரு பந்தயம் வச்சுக்கலாமா?” என்றாள். “இன்னிக்குள்ள பிசிறில்லாம வெட்டிட்டா ஜன்னலை அடைச்சுக்கோங்க. அப்புறம் பகல் வேலைன்னு வாயே திறக்க மாட்டேன். பிசிறு வந்தா மனுவில கையெழுத்து.”

“பிசிறு இருக்கா இல்லையான்னு யார் சொல்றது?”

“நான்தான். அதைப் பாக்கறதுதானே என் பொழைப்பு.”

ஒப்புக்கொண்டு, ரம்பத்துக்குப் புது பிளேடு வாங்கக் கடைக்கு ஓடினேன்.

“இப்ப எத்தனை பல்லு போட்டிருக்கீங்க?” என்றார் கடைக்காரர்.

“இருபத்திநாலு.”

“அது கட்டையை நீளவாக்குல அறுக்கறதுக்குண்ணே. பிளைவுட்டைக் கடிச்சுத் துப்பிடும். நாப்பது பல்லு எல்லாத்துக்கும் ஓடும். பிளைவுட் மட்டும்தான்னா எண்பது.”

“எண்பதே குடுங்க.”

வீட்டு வாசலில் விசாரணை.

“பெட்டியில என்ன?”

“பிளேடு.”

“வீட்டுலதான் ஏற்கனவே ஒண்ணு இருக்கே. எத்தனை பல்லு?”

“எண்பது.”

“நம்ம ரெண்டு பேர் பல்லையும் சேத்தாக்கூட அவ்வளவு தேறாது.”

ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கினேன். பிளேடை மாற்றினேன். பல் என்னைப் பார்த்து இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். பலகையின் வழவழப்பான முகத்தைக் கீழே வைத்தேன். அவள் எழுந்து வந்து கைகட்டி நின்றாள்.

“நல்ல பக்கம் கீழயா?”

“மரவேலைப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

“புத்தகத்துல இருந்தா சரிதான்.”

நான் சொன்ன எதையும் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே கிடையாது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தள்ளினேன். ரம்பம் இழுத்துப் பிடித்த மூச்சு மாதிரி ஒரே சீராக ஓடியது. மேலே ஓரம் கோடு கிழித்தாற்போல் இருந்தது. நிமிர்ந்து நின்றேன். அவள் பலகையைத் திருப்பினாள். நல்ல முகத்தின் ஓரம் நெடுகப் பூனை மீசை மாதிரி மெல்லிய பிசிறு.

“இது என்ன?” என்று நகத்தால் தடவினாள்.

கையெழுத்துப் போட்டேன். மீதியை அவளே நிரப்பி வைத்திருந்தாள். காரணம் என்ற இடத்தில், ‘பகலில் தூக்கம் வருவதில்லை’.

மனுவை மடித்துப் பத்திரப்படுத்திவிட்டு வந்தவள் ஒரு துண்டுப் பலகையை எடுத்தாள். நல்ல முகத்தை மேலே வைத்தாள். “மிஷினைப் போடுங்க” என்றாள். துணியைத் தள்ளுவதுபோல் மெதுவாக, நிதானமாகத் தள்ளினாள். எடுத்துக் காட்டினாள். நல்ல முகத்தில் மருந்துக்குக்கூடப் பிசிறில்லை.

“எப்படி?”

“பல்லு மேலேருந்து கீழே இறங்குதில்ல? வெளியே வர்ற பக்கம்தான் பிய்யும். உங்க புத்தகத்துல இருக்கறது கையில பிடிச்சு ஓட்டற மிஷினுக்கு. அதுல பல்லு கீழேருந்து மேல வரும். படமே போட்டிருக்கான்.”

“நீ எப்ப பாத்தே?”

“மூணு மாசமாச்சு.”

“சொல்லியிருக்கலாம்ல!”

“சொல்லியிருந்தா ஜன்னலை அடைச்சுட்டுப் படுத்திருப்பீங்க.”

அவள் தையல் மிஷினுக்குத் திரும்பினாள். பாதி தைத்திருந்த காலரை ஊசிக்கடியில் பொருத்தினாள்.

“நாலு பேர்கிட்ட பேசறதுக்குத்தானே இவ்வளவு பயம்? முதல்ல என்கிட்ட பேசிப் பழகுங்க.”

“பயமா? எனக்கா?”

மிஷின் ஓடத் தொடங்கியது. நான் துடைப்பத்தை எடுத்து மரத்தூளைக் கூட்ட ஆரம்பித்தேன்.