ஒரு கால் தரையில் இருக்கட்டும்

எங்கள் ஊரில் மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாக டிராகன்களாக மாறத் தொடங்கியபோது, அதை முதலில் கவனித்தவர்கள் சலவைக்காரர்கள். வெளுக்க வந்த சட்டைகளெல்லாம் முழங்கைப் பக்கம் கிழிந்திருந்தன. அடுத்து செருப்புக் கடைக்காரர்கள் கவனித்தார்கள். எங்கள் அலுவலகம் எல்லோருக்கும் கடைசியாகக் கவனித்தது. ஆனால் முதல் சுற்றறிக்கை விட்டது நாங்கள்தான்.

நான் உடலமைப்பு ஒழுங்குத் துறையில் தலைமை எழுத்தர். மனிதர்கள் மனிதர்கள் மாதிரி இருக்கிறார்களா என்று மேற்பார்வையிடுவது எங்கள் துறையின் கடமை. அதுவரை எல்லோரும் தாமாகவே அப்படி இருந்துவிட்டதால் எங்களுக்குப் பெரிய வேலை இருந்ததில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னத் தூக்கம் போடுவோம். திடீரென்று நாட்டுக்கே நாங்கள் தேவைப்பட்டதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"'டிராகன்'ங்கற வார்த்தையே வரக் கூடாது. ஜனங்க பயந்துருவாங்க" என்றார் இயக்குநர்.

ஒரு காலைப்பொழுது முழுவதும் பேனாவைக் கடித்து, 'கூடுதல் உறுப்புகளால் அவதியுறுவோர்' என்று எழுதிக் கொடுத்தேன். அவதியுறுவோர் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, வேலையில் இருந்தால் உடனே நீக்கப்படுவார்கள் என்றும் சேர்த்தேன்.

இயக்குநர் படித்துவிட்டு என் முதுகில் தட்டினார். "யோவ், உனக்குள்ள ஒரு கவிஞன் இருக்கான்யா."

எனக்குள் அப்போது இருந்தது கவிஞன் இல்லை. இடது முழங்கைக்குப் பின்னால், பச்சையாக, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு செதில் இருந்தது. இயக்குநர் தட்டியபோது அது சிலிர்த்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குதிகால் தேய்க்கிற கல்லால் செதில்களைத் தேய்க்க ஆரம்பித்தேன். நான் தேய்க்கத் தேய்க்க அவை பக்கத்தில் சொந்தபந்தங்களைக் கூட்டி வந்து குடியேறின. தோள்பட்டை வரைக்கும் வந்துவிட்டன.

"என்னங்க, உள்ள என்ன தச்சு வேலையா நடக்குது?" என்று என் மனைவி கதவைத் தட்டினாள்.

"பல் தேய்க்கறேன்."

"பல்லை என்ன வேரோட அரம் போட்டு ராவறீங்களா? கதவைத் திறங்க."

திறந்தேன். முழங்கையைப் பார்த்தாள். நான் சாகப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"இதுக்கா இவ்வளவு?" என்று திரும்பி நின்று தலைமுடியை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். தோள்பட்டை எலும்புகளின் மேல், நனைந்த குடை மடக்கிய மாதிரி, இரண்டு சின்ன இறக்கைகள் இருந்தன. அவற்றுக்கு வழி விட்டு ரவிக்கையில் அழகாக இரண்டு வாய் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்திருந்தாள். அவள் தையல்காரி. முன் அறையில் மெஷின் போட்டிருக்கிறாள்.

"எப்போருந்து?"

"போன மாசத்துலேருந்து. நீங்க கவனிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

உடலமைப்பை மேற்பார்வையிடுகிற துறையின் தலைமை எழுத்தர் நான் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

"யார்கிட்டேயும் சொல்லிடாதே. என் வேலை போயிடும்" என்றேன்.

"எனக்கு ரெக்கை முளைச்சிருக்கு. நீங்க வேலையைப் பத்திப் பேசறீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்திருப்பேன்.

அடுத்து நடந்தது சரித்திரம். இயக்குநருக்கு வால் முளைத்தது.

முதலில் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகு மருத்துவ விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது, இதெல்லாம் ஏன் வந்தது என்று ஆராயப் போட்டிருந்த குழு தன் அறிக்கையைக் கொடுத்திருந்தது. குழுவின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் அதற்குள் வால் வந்துவிட்டதால் அறிக்கை ஏகமனதாக இருந்தது. வால் என்பது நோய் அல்ல, தகுதி.

"'அவதியுறுவோர்'னு எவன்யா எழுதினான்?" என்று இயக்குநர் கத்தினார். மூக்கிலிருந்து லேசாகப் புகை வந்தது.

"எழுத்துப் பிழை சார். 'அருள் பெற்றோர்'னு இருந்திருக்கணும்" என்றேன்.

அன்றைக்கே புதிய சுற்றறிக்கை போனது. கூடுதல் உறுப்புகளால் அருள் பெற்றோருக்குப் பதவி உயர்வில் முன்னுரிமை. வேலையை விட்டு நீக்கியவர்களை மரியாதையோடு திருப்பி அழைத்தோம். வால் இல்லாதவர்களுக்கு இரக்கம் காட்டும்படி பள்ளிக்கூடங்களைக் கேட்டுக்கொண்டோம்.

ஊரே தலைகீழாக மாறியது. நேற்றுவரை முழுக்கைச் சட்டையில் வெந்துகொண்டிருந்தவர்கள் கையில்லாத பனியனோடு கடைத்தெருவில் நடந்தார்கள். செதிலுக்கு எண்ணெய், நகத்துக்கு மெருகு, மூக்குப் புகைக்கு மல்லிகை வாசனை எல்லாம் விற்பனைக்கு வந்தன. பெண்ணைப் பெற்றவர்கள், "பையன் நெருப்பு விடுவானா, புகை மட்டும்தானா?" என்று விசாரித்தார்கள்.

எனக்குத்தான் போதாத காலம். அதற்குள் எல்லாவற்றையும் ஒருவழியாகத் தேய்த்துத் தீர்த்துவிட்டிருந்தேன். அலுவலகத்திலேயே மழுமழுவென்று இருந்தவன் நான் ஒருவன்தான். பக்கத்து மேஜைக்காரனைக் கொட்டாவி என்று கூப்பிடுவோம். மதியம் அவன் வாயைத் திறந்தால் ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு வரும். அவனே என்னைப் பார்த்து, "கவலைப்படாதே, சில பேருக்கு லேட்டா வரும்" என்றான்.

அன்று மாலை மனைவியிடம், "எனக்கு ஒரு வால் தைச்சுக் குடு" என்றேன்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நிஜமா கேக்கறீங்களா?"

"ஊர்ல பாதிப் பேருக்கு நீதானே தைச்சுக் குடுக்கறே?"

அது உண்மை. பஞ்சு வால்களுக்கு அவளிடம் வாசலில் கூட்டம் நின்றது. எனக்கு நல்ல பச்சைத் துணியில், நுனியில் குஞ்சம் வைத்து, இடுப்பில் நாடா கட்டிக்கொள்கிற மாதிரி தைத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது கடைநிலை ஊழியர் எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவை.

இதற்கிடையில் முதுகில் இறக்கைகளும், பின்னால் நிஜ வாலும் முளைத்துவிட்டன. பஞ்சு வாலைக் கழற்றினால் இத்தனை நாள் போட்டது பொய் என்று ஆகிவிடும். நிஜ வாலை மறைக்கவும் மனம் வரவில்லை. ஆகவே இரண்டோடும் போனேன். இயக்குநர் என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார்.

"ரெண்டு வாலாய்யா உனக்கு?"

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்."

இப்படித்தான் எனக்குப் புதிதாகத் தொடங்கிய பறத்தல் பிரிவுக்குத் துணை இயக்குநர் பதவி கிடைத்தது.

அந்தப் பிரிவு தொடங்கக் காரணம் என் மனைவிதான். அவள் இறக்கை முதலில் முழுதாக விரிந்தது. ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள், கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று குதித்துவிட்டாள். விழவில்லை. தெருவுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, திரும்பி வந்து இறங்கினாள். முகமெல்லாம் வியர்வை. கண்ணில் தண்ணீர்.

"என்னங்க, மேலேருந்து பார்த்தா நம்ம வீடு எவ்வளவு சின்னதா இருக்கு தெரியுமா? நீங்களும் வாங்களேன். உங்க ரெக்கையும் வளந்துடுச்சே."

எனக்கும் ஆசை வந்தது. பொய் சொல்வானேன். முதுகில் இறக்கைகள் தாமாகவே படபடத்தன. ஆனால் எதிர்வீட்டு ஜன்னலில் நான்கு தலைகள் தெரிந்தன.

"முதல்ல இதுக்கு ஒரு விதிமுறை வேணும்" என்றேன்.

விதிமுறையை நானே வரைந்தேன். பறக்க விரும்புவோர் முன் அனுமதி பெற வேண்டும். அனுமதி கேட்போர் தமக்கு ஏற்கெனவே பறந்த அனுபவம் உண்டென்று நிரூபிக்க வேண்டும். அனுமதியின்றிப் பறந்த அனுபவம் குற்றமாகும். ஜன்னல் வழியாக வெளியேறுதல் பறத்தலாகவே கொள்ளப்படும். பொதுமக்களின் பாதுகாப்பு கருதி, பறக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும்.

கடைசி விதியைப் படித்துவிட்டு இயக்குநர் கண் கலங்கினார். "மக்கள் மேல உனக்கு எவ்வளவு அக்கறை!"

ஒருவருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. யாரும் சண்டைக்கும் வரவில்லை. ஊர் முழுவதும் இறக்கைகளை மடித்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றது. என் மனைவி மட்டும் இருட்டிய பிறகு மொட்டை மாடிக்குப் போய் வருவாள். துணி எடுத்து வர இவ்வளவு நேரமா என்று நான் கேட்டதில்லை. அந்த அளவுக்கு நான் நல்லவன்.

ஒரு நாள் மதியம், சாப்பாடு முடிந்த நேரம், கொட்டாவி கொட்டாவி விட்டான்.

அவன் மேஜையில் குவிந்திருந்த அனுமதி மனுக்கள் பிடித்துக்கொண்டன. திரைச்சீலை பிடித்தது, அலமாரி பிடித்தது. நாங்கள் மூன்றாவது மாடியில் இருந்தோம். எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடினோம். எல்லோருக்கும் இறக்கை இருந்ததால் முதல் திருப்பத்திலேயே அடைத்துக்கொண்டது. இயக்குநரின் வாலை யாரோ மிதித்தார்கள். அவர் அலறியதில் வாயிலிருந்து நெருப்பு வந்து கீழ்ப் படிகளும் பிடித்துக்கொண்டன. திரும்பி அறைக்கே ஓடி ஒரு மூலையில் ஒதுங்கினோம். செதில் தீயைத் தாங்கும் என்பார்கள். செதில் இருக்கிற இடம் தாங்கியது. என் உடம்பில் நான் தேய்த்துத் தேய்த்து வழுக்கையாக்கிய இடமே அதிகம். சட்டை பொசுங்கியது. புகையில் கண் தெரியவில்லை. நிஜமாகவே செத்துப்போகப் போகிறேன் என்று தெரிந்தது.

ஜன்னல்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன.

"குதிக்கலாமா சார்?" என்று கொட்டாவி இருமிக்கொண்டே கேட்டான்.

"விதி என்னய்யா சொல்லுது?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார்.

"ஜன்னல் வழியா போனா பறத்தல் சார். ஆபத்துக் காலத்துக்கு விலக்கு இல்லை."

"ஏன் இல்லை?"

"இரண்டாவது வரைவுல இருந்தது. நீங்கதான் அடிச்சீங்க."

அப்போது ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது. என் மனைவி. புகையைத் தெருவிலிருந்து பார்த்திருக்கிறாள். கழுத்தில் இஞ்ச் டேப் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"இத்தனை பேருக்கு ரெக்கை இருக்கு, இங்க நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? பறங்க!"

யாரும் அசையவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஒவ்வொருவரையாக ஜன்னல் பக்கம் இழுத்துப் போய்த் தூக்கிக்கொண்டு கீழே இறக்கிவிட்டு வந்தாள். என்னைப் பஞ்சு வாலைப் பிடித்து இழுத்தாள். நல்ல தையல், பிய்யவில்லை. இயக்குநரைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் வரும்போது அவர் கேட்டது கீழே நின்ற எங்களுக்கும் கேட்டது.

"ஏம்மா, உனக்கு அனுமதி இருக்கா?"

ஒருவர்கூடச் சாகவில்லை. ஆகவே விசாரணை நடத்தினோம். தீ விபத்துக்குப் பொறுப்பு யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அனுமதியின்றிப் பறந்தது யார் என்பதற்கு எங்கள் அலுவலகம் முழுவதும் சாட்சி. எல்லோரும் தயங்காமல் சாட்சி சொன்னார்கள். நல்ல பெண்தான், இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே என்றார்கள். எதிர்வீட்டுக்காரரும் தானாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பறத்தல் பிரிவின் துணை இயக்குநர் என்ற முறையில், விளக்கம் கேட்கும் கடிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தபாலில் அனுப்பாமல் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிய கணவன் என்கிற உரிமையில் செய்தது.

அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தாள். கையில் இன்னும் தீக்காயக் கட்டு இருந்தது.

"இதை எழுதினது நீங்களா?"

"வரைவு மட்டும்தான் என்னோடது."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள், இஞ்ச் டேப்பைச் சுருட்டினாள், மாற்றுத் துணி இரண்டு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மலை மேல அக்கா வீட்டுக்குப் போறேன். உங்களுக்கு மனசு இருந்தா வாங்க. ஆனா பறந்து வாங்க. நடந்து வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

மொட்டை மாடிக்குப் போனாள். நான் மேலே ஏறுவதற்குள் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிவிட்டாள்.

வீட்டில் இருக்க முடியவில்லை. மெஷின் சத்தம் இல்லாத வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு காலையில் துணிந்து, கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றேன். இறக்கையை விரித்தேன். என் இறக்கை இவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காற்று உள்ளே புகுந்து என்னைக் குதிகாலோடு தூக்கியது. இன்னும் ஒரு விரல் அளவு போனால் போதும்.

"சார், அனுமதி ஆகிடுச்சா?" என்று எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"துணி எடுக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன். யோசித்துப் பார்த்தால் பெரிய சிக்கல் இல்லை. அக்கா வீட்டுக்கு ஒரு திருப்பம் முன்னால் இறங்கி, தலைமுடியைக் கலைத்துக்கொண்டு, கொஞ்சம் மூச்சு வாங்கிக் காட்டினால் பறந்து வந்த மாதிரியே இருக்கும்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. எல்லோர் மடியிலும் அடுத்தவர் இறக்கை. ஜன்னலோரம் இருந்த பெரியவர் பாதி வழிவரை அரசாங்கத்தைத் திட்டினார். "நம்மளைப் பறக்க விட மாட்டேங்கறாங்க தம்பி. எவன் இந்த விதியெல்லாம் போடறானோ!"

"அவனை நிக்க வெச்சுக் கேக்கணும்" என்றேன், ஆத்திரத்தோடு.

மலை தெரிய ஆரம்பித்ததும் அவர் பேச்சை நிறுத்தினார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வாரியிருந்த முடியை இரண்டு கையாலும் கலைத்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். என் பார்வையைக் கண்டதும் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

"சம்பந்தி வீட்டுல பறந்து வர்றேன்னு சொல்லிட்டேன்."

நான் திரும்பினேன். பின்னால் இருந்த அம்மாள் புடவையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவன் மூச்சிரைக்கப் பழகிக்கொண்டிருந்தான். முன் வரிசையில் ஒரு குடும்பமே இறக்கையில் தூசி தடவிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் விசிலை ஊதினார்.

"அடுத்த ஸ்டாப் கடைசி. தலையைக் கலைக்கறவங்க எல்லாம் உள்ளேயே கலைச்சுக்கிட்டு இறங்குங்க. வாசல்ல நின்னு கலைக்காதீங்க, கீழே ஊருக்குத் திரும்பறவங்க எல்லாம் தலை சீவிக்கிட்டு ஏறக் காத்திருக்காங்க!"