இரு, வாட்டம் பார்க்கிறேன்

மனிதர்களில் 'இரு, வரேன்' இனம் என்று ஒன்று உண்டு. கையில் ஒரு வேலை வந்துவிட்டால் போதும், இவர்களுக்குக் காது போய்விடும். யார் எதைச் சொல்ல வந்தாலும் உள்ளங்கையைக் காட்டி "இரு" என்பார்கள். வீடு பற்றி எரிகிற சமாச்சாரமானாலும் சரி, நெருப்பு வரிசையில்தான் நிற்க வேண்டும். உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரிந்திருக்குமே?

நம்முடைய ஆளைத் தெருவே 'சூப்பர்வைசர்' என்று கூப்பிடுகிறது. அலுவலகத்தில் அவருக்குக் கீழே ஒரு பூனைகூடக் கிடையாது. அந்தக் குறையை வீட்டில் தீர்த்துக்கொள்கிறார். ஊருக்கு வெளியே, பஸ் எட்டிப்பார்க்காத ஒரு கல்லூரியில் அவர் மனைவிக்கு நூலகர் வேலை கிடைத்திருந்தது. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த முதல் வேலை. அவள் தினமும் காரில் போய்வர வேண்டும், வாசலோ சேறு. ஆகவே கேட்டிலிருந்து கார் ஷெட் வரை கான்கிரீட் பாதை போட முடிவு செய்தார். மனைவிமேல் அவருக்கு அவ்வளவு பிரியம், அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் திட்டம் என்று ஒன்று இருக்கிறதே! சுண்ணாம்பால் கோடு போட்டு, கோட்டை அழித்து, வாட்டம் எந்தப் பக்கம் என்று பார்க்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அது ஓடிய திசை பிடிக்காமல் மண்ணை வெட்டி மறுபடி ஊற்றி, இருந்த சேற்றை இரட்டிப்பாக்கி, கடைசியில் அவள் வேலைக்குச் சேரவேண்டிய நாளுக்கு முதல் நாள்தான் கலவை லாரி வந்து நின்றது.

மேஸ்திரியின் தூக்குக்குண்டை அவர் நம்பவில்லை. கையில் அகப்பட்ட கார் சாவிக்கொத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கப் பலகைகள் நேராக நிற்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி வந்தாள். "ஏங்க, அந்த..."

"இரும்மா. வாட்டம் பாக்கறேன்ல."

லாரி கொட்டத் தொடங்கியது. மறுபடி வந்தாள். "ஏங்க, அந்தச் சாவிய..."

"இரு! லாரிக்காரர் அவசரப்படறாரு."

மேஸ்திரியும் தலையைச் சொறிந்தார். "சார், ஷெட்டுக்குள்ள..."

"ஷெட்டுப் பக்கம் ரெண்டு விரல் ஒசரம். எனக்குத் தெரியும். இருங்க."

தெரிந்தவரிடம் யார் என்ன பேசுவது? கலவை பரவியது, மட்டமானது, பளபளத்தது. ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக விட்டுப் பார்த்தார். சொன்ன பேச்சைக் கேட்டு நேராக கேட்டுக்கு ஓடியது. அந்த வீட்டில் அவர் பேச்சைக் கேட்ட முதல் ஜீவன். பெருமை தாங்காமல் மனைவி பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லு. என்னமோ கேக்க வந்தியே?"

"கார வெளிய எடுத்து வைக்கலாம்னு சாவி கேட்டேன்."

எல்லோரும் ஷெட்டைப் பார்த்தார்கள். முதல் நாள் பயணத்துக்காகக் கழுவித் துடைத்த கார் உள்ளே சமர்த்தாக நின்றது. அதற்கும் தெருவுக்கும் நடுவே ஈரக் கான்கிரீட். சாவி அவர் விரலில் ஆடிக்கொண்டிருந்தது.

இந்த இனத்துக்கென்றே ஒரு வசனம் இருக்கிறது. சொன்னார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

மேஸ்திரிக்கு இருமல் வந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. நேராக உள்ளே போனாள்.

மறுநாள் காலை பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக வெளியேறி, பால்காரரின் வண்டியில் கேன்களுக்கு நடுவே, வேலை உத்தரவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கான்கிரீட்டை நனைத்துக்கொண்டிருந்தவர் ரப்பர் குழாயும் கையுமாக ஓடிவந்தார்.

"சாயங்காலம் எப்படிம்மா திரும்பி வருவ?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையைக் காட்டினாள். "இருங்க."

வண்டி போய்விட்டது.

சிரிக்கிறீர்கள், நல்லது. ஆனால் நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கியதும் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றாரே, தலையைத் தூக்காமலே "இரு, முடிச்சுட்டு வரேன்" என்றீர்களே... அவர் என்ன கேட்க வந்தார்?