ஐந்தாவது தாத்தாவின் பெயர்

பெகாயிம் கஞ்சிக்குள் கரண்டியை நட்டு வைத்துவிட்டு, ஐந்தாவது பெயருக்காகக் காத்திருந்தாள்.

"மெதெர், பெய்ஷென், ஒஸ்மோனாலி, சினிபாய்," என்று நான்கு விரல்களை மடக்கிக் காட்டினாள். கட்டைவிரல் மட்டும் நின்றுகொண்டிருந்தது. "அப்புறம் யாருப்பா?"

மெதெர் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தான். "கஞ்சி ஆறுது பாரு."

"அது அப்பவே ஆறிப்போச்சு. அஞ்சாவது யாரு?"

"சாயங்காலம் சொல்றேன். வண்டிக்கு நேரமாச்சு."

அவன் மனைவி நூரிஸா, மகளின் வெள்ளை ரிப்பனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "இப்பவே சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் விழா. எங்கப்பாவும் வர்றாரு. முதல் வரிசையில உக்காரப் போறாரு."

மெதெர் ஒரு காலில் செருப்போடும் மறு காலில் பூட்ஸோடும் வெளியே போனான்.

மழலையர் பள்ளியை முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போகிற குழந்தைகளுக்கு மே மாதக் கடைசியில் கிர்கிஸ் மலையூரான நாரினில் ஒரு விழா உண்டு. பலூன், பாட்டு, அழுகை எல்லாம் வழக்கம்போல்தான். இந்த வருடம் டீச்சர் கென்ஜே அக்கா புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். ஒவ்வொரு குழந்தையும் அப்பாவோடு மேடையேறி, அப்பாவிலிருந்தே எண்ணி ஏழு தலைமுறைத் தாத்தாக்களின் பெயரை வரிசையாகச் சொல்ல வேண்டும். குழந்தை சொல்லும்; தடுமாறினால் அப்பா எடுத்துக்கொடுப்பார். தடுமாறுகிற அப்பாவுக்கு யார் எடுத்துக்கொடுப்பது என்று கென்ஜே அக்கா யோசிக்கவில்லை. கிர்கிஸ் ஆண்பிள்ளை தன் ஏழு தாத்தாக்களை மறப்பான் என்று எவர்தான் யோசிப்பார்கள்?

மெதெர் மறந்தான் என்று சொல்வது சரியில்லை. தெரிந்தால்தானே மறப்பதற்கு. அவன் அப்பா பெய்ஷென் லாரி ஓட்டியவர், பேச்சில் சிக்கனம். தன் அப்பா, தாத்தா வரைக்கும் சொல்லிவிட்டு, மேலே கேட்டால், "அவங்கல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க," என்பார்.

இந்தக் குறையோடுதான் எட்டு வருடங்களுக்கு முன் மெதெர், கணவாய்க்கு அந்தப் பக்கம் அத்-பாஷி ஊரில் நூரிஸாவைப் பெண் கேட்கப் போனான். ஏழு தலைமுறைக்குள் இரண்டு வம்சமும் எங்காவது சேர்ந்தால் பெண் கிடையாது. அவள் அப்பா காசிமாலி ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிற அதே முகத்தோடு, "ஏழு பேரையும் சொல்லு," என்றார். மெதெரிடம் மூன்று பேர் இருந்தார்கள். மீதி நான்கு பேரை அங்கேயே, கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் பெற்றெடுத்தான். முறைப்படி காசிமாலியும் தன் ஏழு பேரைச் சொன்னார். மெதெர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. எழுவர் எண்ணிக்கை சரியாக வந்ததா என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தான்.

காசிமாலி உடனே, "சம்மதம், கறியைக் கொண்டு வாங்க," என்றார்.

அதற்குப் பிறகு நூரிஸா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். "வேன் ஓட்டுறவன் வேண்டாம்னு அம்மா அழுதாங்க. அப்பாதான் ஒத்தக் கால்ல நின்னாரு. ஏழு தாத்தாவையும் கடகடன்னு சொல்ற பையன்கிட்ட வேற என்னத்தப் பாக்கணும்னாரு."

மெதெரிடம் வேறு எதையும் பார்க்கவில்லை என்பதுதான் சிக்கல். அந்தக் கடகடவை எடுத்துவிட்டால் வெறும் வேன்தான் மிஞ்சும்.

இப்போது பெகாயிமுக்கு அவனே முதல் ஆளாகிவிட்டதால், நான்கில் மூன்று பேர் போதும். குழந்தை பெற்றதில் ஒரு தாத்தா மிச்சம். ஆனால் அன்றைக்குச் சொன்ன அதே மூன்று பேராக இருக்க வேண்டும். அவனுக்கு ஒரு பெயர்கூட ஞாபகமில்லை. 'க'வில் தொடங்கியதாக ஒரு சந்தேகம். ஊரில் பாதிப் பேர் 'க'வில்தான் தொடங்குகிறார்கள்.

பெண் கேட்கப் போனபோது துணைக்கு வந்தவன் எர்கின். இரண்டு பேருக்கும் ஒரே ஸ்டாண்டு, ஒரே தடம். மெதெர் நேராக அவனிடம் போனான். எர்கின் ஸ்டீயரிங் மேல் சமோசா வைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"டேய், அன்னிக்கு என் மாமனார் வீட்டுல நான் சொன்ன பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?"

எர்கின் மெல்லுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தான். "ஆட்டுக்கறி," என்றான். "இளசு. எலும்பை விட்டுத் தானா கழண்டு வந்துச்சு. வெங்காயம்தான் கொஞ்சம் தூக்கல்."

"பேரைக் கேட்டேன்டா."

"பேரு கேக்கறப்ப கறி வரலியே. வாசனை மட்டும்தான் வந்துச்சு. எனக்கு வேற எதுவும் கேக்கல."

அந்த வழி அடைபட்டது. நிகழ்ச்சியையே மாற்றிவிடலாம் என்று மெதெர் பள்ளிக்குப் போனான். கென்ஜே அக்கா தரையில் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏழு தாத்தா, ஏழு தாத்தான்னா குழந்தைங்களுக்குச் சலிச்சுப்போயிரும். அதுக்குப் பதிலா அப்பாங்க எல்லாம் சேர்ந்து ஒரு டான்ஸ் ஆடினா என்ன?"

கென்ஜே அக்கா பலூனை வாயிலிருந்து எடுத்தார். அது சுவரெல்லாம் சுற்றிவிட்டுப் பீரோவுக்குப் பின்னால் போய் விழுந்தது.

"தம்பி, இத்தனை வருஷத்துல ஒரு அப்பா தானா வந்து ஆடறேன்னு சொன்னது இல்ல. கோழிக்குஞ்சு டான்ஸ் போட்டுருவோம். மஞ்சள் அலகு நான் வெட்டித் தர்றேன். நீங்கதான் முதல் குஞ்சு."

"அப்ப தாத்தாங்க?"

"டான்ஸ் முடிஞ்சதும் தாத்தாங்க."

மெதெர் அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. "எப்பவும் அப்பா பக்கமே சொல்றாங்களே அக்கா," என்றான். "அம்மா பக்கம் பாவம் இல்லியா? எங்க வீட்டுக்கு என் மாமனாரைச் சொல்லச் சொல்லுங்க. நான் ஓரமா நின்னுக்கறேன். அவரு எட்டு வருஷத்துக்கு முன்னாடி கேட்டதைக்கூட மறக்காத மனுஷன்."

"ரெண்டு பக்கமும் சொல்லட்டும்," என்று கென்ஜே அக்கா கண்கலங்கினார். கலங்கிய கண்ணோடே போனை எடுத்து ஸ்பீக்கரில் காசிமாலிக்குப் போட்டார். குடும்ப எண்களெல்லாம் அவரிடம் இருந்தன. "ஐயா, பெகாயிம் டீச்சர் பேசறேன். உங்க மாப்பிள்ளை ஆசைப்படறாரு. உங்க ஏழு தாத்தா பேரையும் நீங்க மேடையில சொல்லணுமாம்."

மறுமுனையில் ஒரு ஆடு மட்டும் கத்தியது.

"மாப்பிள்ளையும் இருப்பானா?" என்று கேட்டார் காசிமாலி.

"அவருதான் முதல்ல சொல்றாரு, ஐயா."

மீண்டும் ஆடு. பிறகு, "வர்றேன்," என்றார். மருமகனை மேடையிலேயே வைத்து உரிக்க முடிவு செய்தவரின் குரலாக அது மெதெருக்குக் கேட்டது.

இரண்டு நாள் கழித்து ஸ்டாண்டில் எர்கின் போகிறபோக்கில், "உன் மாமனார் வந்திருந்தாருடா," என்றான்.

"இங்கயா? எதுக்கு?"

"சும்மாதான்." எர்கின் சமோசாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கணவாய் தாண்டி, பனி தூறுகிற நாளில், சும்மா. விசாரணை தொடங்கிவிட்டது என்று மெதெருக்குப் புரிந்தது. இனி ஒரே வழிதான். அவர் வாயிலிருந்தே அந்தப் பெயர்களைப் பிடுங்க வேண்டும். ஒரு மூட்டை மாவை வேனில் ஏற்றிக்கொண்டு அத்-பாஷிக்குப் போனான்.

காசிமாலி முற்றத்தில் ஆட்டுக்கு மயிர் கத்தரித்துக்கொண்டிருந்தார். மருமகனைப் பார்த்ததும் கத்தரி ஒரு கணம் நின்றது.

"வா மாப்ள. என்ன திடீர்னு?"

"மாவு கொண்டு வந்தேன் மாமா."

"மாவு இருக்கே."

"இதுவும் இருக்கட்டும்." மெதெர் ஆட்டின் பக்கத்தில் குந்தினான். "மாமா, நான் பொண்ணு கேக்க வந்தப்ப பேசினதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே."

"ஏன் இருக்காது? எனக்கு மறதின்னா என்னன்னே தெரியாது." கத்தரி ஆட்டின் காதோரம் பளிச்சிட்டது. "உனக்கு?"

"எனக்கும் அப்படியே இருக்கு மாமா. கல்லுல வெட்டின மாதிரி."

"அப்படியா," என்றார் காசிமாலி. முகம் இருண்டது. "எல்லாமேவா?"

"எல்லாமே. நீங்க ஒரு தடவை சொல்லுங்களேன், நான் சொன்ன பேரை. சும்மா பேச்சுக்கு."

"உன் தாத்தா பேரை நான் ஏன் சொல்லணும்? நான் சொன்னதை நீ சொல்லு பாப்போம்."

"பெரியவங்க முதல்ல சொல்றதுதானே மரியாதை."

"விருந்தாளி முதல்ல சொல்றதுதான் மரியாதை."

இருவரும் ஆட்டைப் பார்த்தார்கள். பாதி கத்தரித்த ஆடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"மேடையில பேசிக்குவோம்," என்று சொல்லிவிட்டுக் காசிமாலி தொழுவத்துக்குள் போனார். மெதெர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அந்த ஆடு அன்று பாதி மயிரோடே மேய்ந்தது.

வேறு வழியில்லாமல் மெதெர் புதிதாக மூன்று தாத்தாக்களை உண்டாக்கினான். துலேபெர்தி, கோஜோமுராத், சாரிபாய். பெகாயிம் ஒரு தேநீருக்குள் கற்றுக்கொண்டு, குளியலறையிலும் படிக்கட்டிலும் பக்கத்து வீட்டுப் பூனையிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நூரிஸா ஜன்னலோரம் நின்று கேட்டாள். "எங்கப்பா முகத்தைப் பாக்கணும் அன்னிக்கு. எங்கம்மாவும் வர்றாங்க. இந்த வேன்காரனுக்கா குடுத்தேன்னு இனிமே வாயத் திறக்க மாட்டாங்க."

மெதெர் கீழே போய், காலையில் கழுவின வேனை மறுபடியும் கழுவினான்.

விழா நாளில் கென்ஜே அக்கா முதல் பாட்டிலேயே அழத் தொடங்கினார். பெற்றோர்கள் போனைத் தூக்கிப் பிடித்ததில் பின்வரிசைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை முன்வரிசைக்காரர்களின் போனில்தான் பார்த்தார்கள். கோழிக்குஞ்சு டான்ஸுக்கு ஒரு அப்பா வரவில்லை. அவர் இடத்துக்குப் பிள்ளையே இல்லாத எர்கினை, முடிந்ததும் சாப்பாடு உண்டு என்று சொல்லி மெதெர் இழுத்து வந்திருந்தான். எட்டு ஆண்கள் மஞ்சள் காகித அலகோடு இறக்கையை அடித்தார்கள். எர்கின் நன்றாகவே ஆடினான்.

இசை நின்றதும், மூச்சு வாங்குவதற்கு முன், "பெகாயிம் குடும்பம்," என்று கென்ஜே அக்கா அழைத்தார். அலகைக் கழற்ற நேரமில்லை. மெதெர் அதை நெற்றிக்குத் தள்ளிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதல் வரிசையில் காசிமாலி. வெள்ளைக் கம்பளித் தொப்பி, முழங்காலில் இரண்டு கைகள்.

"மெதெர், பெய்ஷென், ஒஸ்மோனாலி, சினிபாய்," என்று பெகாயிம் விரலை மடக்கினாள். மெதெரின் நெற்றி அலகிலிருந்து வேர்வை சொட்டியது.

"துலேபெர்தி."

காசிமாலியின் புருவம் அசைந்தது. உதடு எதையோ முணுமுணுத்தது.

"கோஜோமுராத். சாரிபாய்."

காசிமாலி மெல்ல எழுந்தார். மெதெர் மனதுக்குள் வேனை விற்று, வீட்டைக் காலி செய்து, ஊரையும் பாதி கடந்துவிட்டான்.

"அதேதான்," என்றார் காசிமாலி, கூடம் முழுவதும் கேட்கும்படி. "அன்னிக்குச் சொன்ன அதே மூணு பேரு. ஒரு எழுத்து மாறல."

கைதட்டல் எழுந்தது. மாமியார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நூரிஸா எதையும் துடைக்கவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து காசிமாலி மேடையேறினார். கூட்டத்தைப் பார்க்காமல் மருமகனையே பார்த்துச் சொன்னார். மூன்று பேருக்குப் பிறகு தண்ணீர் கேட்டார். குடித்தார். இன்னொரு கோப்பை கேட்டார். பிறகு மீதி நான்கு பேரையும் ஒரே மூச்சில் இறக்கினார். மெதெருக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் பட்ட கடனை உடனே தீர்க்கிற குணம் அவனுக்கு உண்டு.

"அதேதான் மாமா," என்று உரக்கச் சொன்னான். "ஒரு எழுத்து மாறல."

காசிமாலி மேடையிலேயே அவனைக் கட்டிக்கொண்டார். எட்டு வருடத்தில் முதல் முறை. அலகு நசுங்கியது. விருந்து மேசையில் மூத்தவர்களுக்கென்று வைக்கிற ஆட்டின் இடுப்பெலும்பை, அங்கிருந்த பெரியவர்களையெல்லாம் விட்டுவிட்டு, மருமகனின் தட்டில் வைத்தார்.

மெதெரால் அதைத் தொட முடியவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு எர்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"பெரிய மனுஷன்டா," என்றான். "எல்லாம் தெரிஞ்சும், என் பொய்யைச் சபையில தன் தலைமேல தூக்கிக்கிட்டாரு. எதையும் மறக்காத அந்த மனுஷன், எனக்காக மறந்த மாதிரி நடிச்சாருடா."

எர்கின் இன்னும் அலகைக் கழற்றவில்லை. அதன் கீழாக ஒரு போர்சோக்கை, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையை, வாய்க்குள் தள்ளினான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு, ஆனா எல்லாந்தான் முடிஞ்சுபோச்சே," என்றான். "அன்னிக்கு ஸ்டாண்டுக்கு வந்தப்ப, 'தம்பி, பொண்ணு கேக்க வந்தன்னிக்கு வாய்க்கு வந்த நாலு பேரை என் தாத்தான்னு சொல்லித் தொலைச்சேன், என்ன பேருன்னு உனக்காவது ஞாபகம் இருக்கா'ன்னு கேட்டாரு, அவர்கிட்டயும் கறி நல்லா இருந்துச்சுன்னுதான் சொன்னேன்."