தேவானைக்கு அசோகன் தேர்ந்தெடுத்த பாடம்

தேவானை பன்னிரண்டாம் வகுப்பு தேறவே கூடாது என்று அவள் புருஷன் அசோகன் முடிவு செய்தார். ஒரு காலையில், அவள் போட்டுத் தந்த காபியைக் குடித்துக்கொண்டே செய்த முடிவு. காபி நன்றாக இருந்தது. அதனால்தான் அந்த முடிவு.

தேவானையோடு படித்த ஷாகிரா பாலவாக்கத்தில் சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். பிளஸ் டூ முடித்துவிட்டு வா, வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்காகப் படிப்பு பாதியில் நிறுத்தப்பட்டவள் தேவானை. மகன் பாரத் பெங்களூருக்குப் போனதும், வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதும் திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அசோகனோ விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மந்தைவெளி வீட்டில் முழுநேரமாக உட்கார்ந்திருப்பவர். அவள் காலையில் பஸ் ஏறிவிட்டால் மதியம் சோறு போடுவது யார்? தடுத்தால் மகன் போனில் சண்டைக்கு வருவான். ஆகவே தடுக்கக் கூடாது. தோற்க வைக்க வேண்டும்.

நாலு பாடம் எடுத்தாயிற்று, ஐந்தாவதாக எதை எடுக்கலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஓவியம் எடேன். வீட்லயே வரையலாம். அலைச்சல் இல்லை" என்றார், வாய் நிறைய அக்கறையோடு.

பாரத்தின் வீட்டுப் பாடத்துக்காக முன்பு அவள் வரைந்து கொடுத்த பசுமாட்டைப் பார்த்துவிட்டு, கட்டில் நன்றாக இருக்கிறது என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். அசோகன் நம்பியது அந்தக் கட்டிலை.

தேவானை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றதில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார்.

முதலில் காபி நின்றது. பித்தளை ஃபில்டரை ஜன்னலோரம் வைத்து வரைய ஆரம்பித்திருந்தாள். கை வைக்கப் போனார்.

"தொடாதீங்க. நிழல் மாறிடும்."

"அப்ப காபி?"

"ஃபில்டர் படத்துல இருக்குங்க."

அடுத்தது கத்தரிக்காய். தண்ணீர்த்துறை மார்க்கெட்டிலிருந்து அவரே பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தது. தட்டில் அடுக்கி வரைந்தாள், வாடியதையும் வரைந்தாள். குழம்புக்கு வரவில்லை. ஓட்டல் சாம்பார் வயிற்றைப் பிடுங்கியதும் சண்டை போடலாமா என்று நினைத்தார். ஆனால் சண்டை போட்டால் அவள் வரைவதை நிறுத்திவிடுவாள். வேறு பாடம் மாற்றினால் தேறித் தொலைப்பாள். வரையட்டும். நிறைய வரைந்தால் நிறையச் சொதப்புவாள்.

இந்தப் புத்திசாலித்தனத்தின் பேரில்தான் அசோகன் சமையற்கட்டுக்குள் நுழைந்தார்.

"ரசத்துக்குப் புளி எவ்வளவு?"

"நெல்லிக்காய் அளவு."

"இது சரியா?"

"அது தேங்காய் அளவுங்க."

முதல் ரசத்தைக் குடித்த கீழ்வீட்டுத் தங்கபுஷ்பம், வெள்ளிச் சாமான் துலக்கக் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள். போகப் போக ரசம் ரசமானது. கூட்டு வந்தது, பொரியல் வந்தது. தட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீ வரைம்மா, நேரத்தை வீணாக்காதே" என்பார். மாமா மாதிரி புருஷன் கிடைக்கணுமே என்று தங்கபுஷ்பம் தெருவெல்லாம் சொன்னாள். அசோகன் அடக்கமாகச் சிரித்தார். உள்ளுக்குள் ரிசல்ட்டுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனித உருவம் வரைய வேண்டும் என்று ஒருநாள் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். கெடுக்க நல்ல சந்தர்ப்பம். மூக்கைச் சொறிந்தார், முதுகை நெளித்தார், கொசு அடித்தார். தேவானை கோபப்படவில்லை. "பரவாயில்லைங்க. சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள். சாப்பிட்டு வந்து உட்கார்ந்தவர் வழக்கம்போலத் தூங்கிப்போனார். விழித்தபோது படம் முடிந்திருந்தது.

ரிசல்ட் வந்தது. இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிக் கரையேறியிருந்தாள். மற்றதில் சுமார். ஓவியத்தில்தான் அள்ளியிருந்தாள்.

வேலைக்குப் போகும் முதல் நாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் அசோகன் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார்.

"நீ போயிட்டா இங்க சமையல் யார் பண்றது?"

"இப்ப யார் பண்றாங்களோ அவங்கதான்."

அவர் தன் கையைப் பார்த்தார். கையில் கரண்டி.

"நான் ஃபெயிலாகணும்னுதானே ஓவியம் எடுக்கச் சொன்னீங்க? அன்னிக்கே தெரியும். வாங்கன்னு கூப்பிட்டா நீங்க அடுப்படிக்கு வந்திருப்பீங்களா? நான் தோத்துடுவேன்ற நம்பிக்கையில தானே வந்தீங்க. அதான் நாலு காயை வாட விட்டேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தாலாவது பதிலுக்குக் கத்தலாம். தலைகுனிந்தார். மேஜையில், பரீட்சைக்குப் போய்த் திரும்பி வந்திருந்த படங்கள் கிடந்தன. மேலே அவருடைய படம். நாற்காலியில் சரிந்த தலை, திறந்த வாய், கழுத்து மச்சம் வரை அப்படியே இருந்தது. தன்னை இவ்வளவு நேரம் அவள் உற்றுப் பார்த்திருக்கிறாள் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது. 

"நல்லாத்தான் போட்டிருக்கே. இதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. உருவப்படத்துக்கு வேற ஒண்ணு தேவைப்பட்டுது, தங்கபுஷ்பத்தை வரைஞ்சு வெச்சேன். உங்களை ஃபில்டரோட, கத்தரிக்காயோட அசையாப் பொருள் பிரிவுல சேத்துட்டேன்" என்று பையைத் தோளில் மாட்டினாள். "யாரும் ஏன்னு கேக்கலைங்க."