உங்கள் மருமகன் லைன்மேன் ஆன விபரம்

மொன்றியல், நோத்ர-டாம்-த-கிரேஸ்
1987, ஐப்பசி மாதம்

மட்டக்களப்பில் தேவகிருபையோடும் முழங்கால் வலியோடும் வாழ்ந்துவரும் என் மரியாதைக்குரிய அத்தான் ஞானசுந்தரம் அவர்களுக்கு,

மைத்துனன் தம்பிமுத்து எழுதிக்கொள்வது. நானும் திரேசம்மாவும் மகன் யோசெப்பும் ஆண்டவர் தந்த சுகத்தோடும் கனடாக் குளிர் தந்த தடிமனோடும் இருக்கிறோம். உங்களையும் அக்காவையும் மரியன்னை காப்பாராக. ஊரில் வெடிச்சத்தம் குறைந்துவிட்டதாக வானொலி சொன்னது. அது எவ்வளவு பொய் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

யோசெப் அடுத்து எந்தக் கல்லூரிக்குப் போகிறான், அந்தக் கல்லூரி எத்தனை டொக்டர்மாரையும் எஞ்சினியர்மாரையும் உருவாக்கியிருக்கிறது, நீங்கள் உப அதிபராக இருந்த கல்லூரியைவிட அது திறமா என்று கேட்டிருந்தீர்கள். பதிலை உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். அக்காவுக்கு வாசித்துக் காட்டுவதா என்பதைப் பிறகு முடிவெடுக்கலாம்.

நீங்கள் கண்ட யோசெப் அல்ல இவன். இந்த ஊர்ப் பாலும் இறைச்சியும் போய்ச் சேர்ந்து, கதவு நிலையில் தலை முட்டுகிற உயரத்துக்கும் நிலையை அடைக்கிற அகலத்துக்கும் வளர்ந்துவிட்டான். சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலிக்காரரின் கடைக்கு உருளைக்கிழங்கு மூட்டை இறக்கப் போவான். ஒரு தோளில் ஒரு மூட்டை, மற்றத் தோளில் இன்னொரு மூட்டை, முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை. இதை அந்த இத்தாலிக்காரரின் தம்பி கண்டுவிட்டார். அவர் யோசெப் படிக்கும் கல்லூரியில் உதைபந்தாட்டப் பயிற்சியாளராம். உடனே பிள்ளையை அணியில் சேர்த்துக்கொண்டார். நானும் ஒரு காலத்தில் பந்தடித்தவன் என்பதால் சந்தோசப்பட்டு, திரேசம்மாவையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். அத்தான், அது உதைபந்தே இல்லை. பந்து பப்பாசிப்பழம் போல நீளமாக இருக்கிறது, அதைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஓடுகிறவன் மேல் எல்லோரும் விழுகிறார்கள், விழுந்தபின் எழும்பி மறுபடியும் விழுவதற்கு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு தடவை அந்த மனிதக் குவியலில் யோசெப்பும் மறைந்தான். "ஐயோ, என்ர பிள்ளையக் கொல்றாங்கள்!" என்று திரேசம்மா செபமாலையும் கையுமாக மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டாள். வரிச்சட்டை போட்ட மத்தியஸ்தர் விசில் ஊதி, மஞ்சள் கைலேஞ்சி ஒன்றை நிலத்தில் எறிந்தார். ஆட்டம் நின்றது. ஒவ்வொருவராக எழும்பினார்கள். அடியில் கிடந்தது வேறு யாரோ பெற்ற பிள்ளை. யோசெப்தான் அவன் மேல் கிடந்தான். திரேசம்மா தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் திரட்டி, "பர்தோன், பர்தோன்" என்று அந்தப் பிள்ளையின் சட்டையைத் தட்டிவிட்டாள். பிள்ளையின் தாயோ பார்வையாளர் வாங்கில் இருந்து ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். யோசெப்பின் விழுகையைப் பற்றி யாரோ அமெரிக்காவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே தென்பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பயிற்சியாளர் எங்கள் வீடு தேடி வந்தார். என் ஆங்கிலம் உங்களுக்குத் தெரிந்ததுதானே. அதனால் மேல் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குணரத்தினத்தைக் கூப்பிட்டேன். புவாண்ட்-கிளேரில் கந்தோர் வேலை, கழுத்தில் டை, ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. வந்தவர், தங்கள் கல்லூரிதான் அதிகமான புரொபெஷனல்களை உருவாக்குகிறது என்று தொடங்கினார்.

"அண்ணை, புரொபெஷனல் எண்டால் டொக்டர், எஞ்சினியர், கோட்டில வாதாடுற அப்புக்காத்து. இவையின்ர கொலிச்சிலயிருந்துதான் கூடப்பேர் வந்திருக்கினமாம். விளங்குதே?" என்றார் குணரத்தினம்.

உங்களை நினைத்துக்கொண்டேன், அத்தான். திரேசம்மா முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "எங்கட பிள்ளைய என்னவாக்குவார் எண்டு கேளுங்க," என்றேன். அந்த மனிதர் யோசெப்பின் தோளை மாடு வாங்குகிறவர் போலத் தடவிப் பார்த்துவிட்டு, "லைன்மேன்" என்றார்.

மின்சாரக் கம்பத்தில் ஏறவா பிள்ளையை இவ்வளவு தூரம் கொண்டுவந்தேன்? அதற்கு ஒரு கல்லூரியா? இவன் பாரத்தை எந்தக் கம்பம் தாங்கும்? திரேசம்மா முறுக்குத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். வந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து, விரும்பினால் கார்ட் ஆகவும் வரலாம் என்றார். கார்ட்! ரயில்வே உத்தியோகம், பச்சைக்கொடி, பென்சன். முறுக்குத் தட்டு மறுபடியும் வந்தது.

அடுத்த கிழமை சோளம் விளைகிற மாநிலமொன்றிலிருந்து இன்னொருவர் வந்தார். தென்பக்கத்துக் கல்லூரிகள் ஓடுகிறவர்களுக்குத்தான் பேர்போனவை, நல்ல லைன்மேன்கள் பனியிலும் சோளத்திலும்தான் வளருவார்கள் என்றார். லைன்மேன் என்றது பிடிக்காவிட்டாலும், பனியிலும் தோட்டத்திலும் வளருகிறவனுக்கு ஒழுக்கம் தானாக வரும் என்று நினைத்து, எனக்கு இவரைப் பிடித்துக்கொண்டது. குணரத்தினம் முதல் வந்தவரின் பக்கம். "ரிசல்ட்ஸைப் பாருங்கோ அண்ணை, ரிசல்ட்ஸை!" என்று அவர் கத்த, "ஒழுக்கத்தப் பாருங்க!" என்று நான் கத்த, நீங்களும் பக்கத்துக் கல்லூரி அதிபரும் பரீட்சை முடிவு வந்த அன்று சண்டை பிடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. உங்களுக்காவது எந்தப் பரீட்சை என்று தெரிந்திருந்தது.

அப்போது சோளக்காரர் யோசெப்பின் பாஸ்போட்டைக் கேட்டார். எங்கள் பாஸ்போட்டுகள் குடிவரவுக் கந்தோரில் கிடக்கின்றன. அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. எல்லையைத் தாண்டிப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. "நீங்கள் கனடாக்காரர்தானே?" என்று வந்தவர் கேட்க, குணரத்தினத்தின் ஆங்கிலம் தீர்ந்துபோய்விட்டது. யோசெப்தான், "நொட் யெட்" என்றான். அவர் எழும்பி அவனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரம் பிள்ளை மெல்லச் சொன்னான்.

"அப்பா, லைன்மேன் எண்டால் கம்பத்தில ஏறுறவன் இல்ல. கார்ட் ரயிலில போறவனும் இல்ல."

"அப்ப?"

"பின்னுக்கு ஒருத்தன் பந்தோட நிப்பான். அவன அடிக்க வாறவங்கள முன்னுக்கு நிண்டு மறிக்கிறது. பந்து எனக்கு வராது. அவன் விழாட்டிச் சரி."

"பேப்பரில பேர் வருமா?"

"வராது."

"அப்ப இது நான் கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து செய்யிற வேலைதானே மனே," என்றாள் திரேசம்மா, கறியைக் கிளறிக்கொண்டே.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "புரொபெஷனல் எண்டது?" என்றேன்.

"அதுவும் இதுதான். சம்பளத்துக்கு அடிபடுறது."

"உனக்குப் போக விருப்பமா?"

யோசெப் சோறு போடக் கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினான். "ஓம் அப்பா. நீங்க கேட்டதால சொல்றன்."

அத்தான், அடி விழக்கூடாதென்று கடல் தாண்டிக் கொண்டுவந்த பிள்ளையை, அடிபடுவதற்கென்றே ஒரு கல்லூரிக்கு அனுப்புவேனா? வழக்கு வென்றாலும் அனுப்ப மாட்டேன். இங்கேயே எஞ்சினியரிங் படிப்பான். இது தகப்பன் எடுத்த கடைசி முடிவு. இதில் மாற்றமில்லை. நீங்களும் அவனுக்காகப் பரிந்து எழுத வேண்டாம். கோயிலடியில் யாரும் கேட்டால், மேற்படிப்பு பற்றி யோசிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அக்காவின் மூட்டுக்கும் உங்கள் முழங்காலுக்கும் திரேசம்மா நவநாள் செபம் சொல்லுகிறாள். பரலோகத் தந்தை உங்கள் வீட்டுக் கூரையையும் அதன் கீழுள்ளோரையும் குறையின்றி வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்
தம்பிமுத்து

பி.கு.: இந்தக் கடிதத்தைக் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடக் காத்திருந்து, இப்போது அடுத்த ஆவணியும் வந்துவிட்டது. மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். மாசி மாதம் வழக்கு வென்றது. பயணப் பத்திரமும் அமெரிக்க விசாவும் கைக்கு வந்தன. சோளக்காரர் மறுபடியும் ரெலிபோன் எடுத்தார். நான் என் கடைசி முடிவைச் சொல்ல வாயைத் திறக்க, திரேசம்மா, "பிள்ளை ஓம் எண்டு சொன்னவன். கேட்டது நீங்கதான்," என்றாள். போன சனிக்கிழமை பஸ் ஏற்றிவிட்டோம்.

நேற்று யோசெப் அங்கிருந்து பேசினான். எல்லையில் இவனை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கி உள்ளே கூட்டிப்போனார்களாம். அதிகாரி பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே போகிறாய் என்று கேட்டாராம். இவன் கல்லூரியின் பேரைச் சொல்லியிருக்கிறான். ஆகவே சிறந்த கல்லூரி எது என்ற உங்கள் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது, அத்தான். அந்தக் கல்லூரியின் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாத அந்த மனிதர், பேரைக் கேட்டதும் கதிரையை விட்டு எழும்பி நின்று கை கொடுத்தாராம். கொழும்பிலிருந்து மொன்றியல் வரை எத்தனையோ அதிகாரிகள் எங்களை விசாரித்திருக்கிறார்கள். ஒருவராவது எழும்பியதில்லை.