நுளம்பைப் பார்த்துக்கொண்ட சித்தப்பா

ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தனுக்குச் செத்தவீடுதான் மீள்நியமனம். மற்ற நாட்களில் அவன் பேச்சைக் கேட்க வீட்டில் ஆளில்லை. எங்கேயாவது ஓர் உயிர் போய்விட்டால் மட்டும் எல்லோரும் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். மரணத்தை எங்கே பதிவது, கனத்தை மயானத்தில் நேரம் எடுப்பது எப்படி, பத்திரிகையில் அறிவித்தல் எத்தனை மணிக்குள் கொடுக்கவேண்டும் என்று கேட்பார்கள். அவனும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, துக்கத்தை மறைத்து, அதைவிடக் கவனமாகத் தன் சந்தோஷத்தையும் மறைத்து, பதில் சொல்லத் தொடங்குவான்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் பல வருடங்களாக அந்தப் பதவியில் நான்தான் இருந்தேன். கந்தோரில் வேலை செய்த காலத்தில் விதிக்கோவையை நித்திரையிலும் ஒப்புவிப்பேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. (அது பகிடி என்பது பென்சன் எடுத்த பிறகுதான் விளங்கியது.)

பிறகு என் சொந்த அண்ணா செத்தார். சலரோகம், இரத்த அழுத்தம், இருதயத்தில் ஒரு சத்திரசிகிச்சை எல்லாவற்றையும் சமாளித்த மனிதரை ஒரு நுளம்பு கொண்டுபோனது. டெங்கு. காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைத்தோம். விட்ட பிறகுதான் அது தன் வேலையைத் தொடங்கும் என்று டொக்டர் சொன்னபோது அண்ணா எங்களோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார்.

அவருடைய ஒரே மகன் நிரோஷன் கனடாவிலிருந்து வந்து கொள்ளி வைத்தான். மனைவிக்கு வயிற்றில் பிள்ளை, மாதம் நெருங்கிவிட்டதால் அவள் வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு பறந்துபோய்ப் பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது அவன் கணக்கு. அதற்குத் தோதாக விமானச் சீட்டும் எடுத்து வைத்திருந்தான்.

அந்தியேட்டிக்கு முதல் நாள் பின்னேரம் அண்ணி என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு போத்தல். அதன் முகப்பில் ஒரு நுளம்பும் ஓர் உண்ணியும் படமாக இருந்தன, இரண்டுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு.

"தம்பி, நாளைக்கு முகத்துவாரத்தில ஆத்தங்கரையிலயெல்லே கிரியை. நுளம்பு மொய்க்குமாம். இவன் மேல்சட்டையும் இல்லாமல் ஈர வேட்டியோட இருக்கோணும். இதைப் பூசிக்கொண்டு வரட்டே?"

அந்தக் குரலில் இருந்த பயம் எனக்குக் கேட்டிருக்கவேண்டும். எனக்குக் கேட்டதோ, தீர்ப்புக்காக ஒரு விடயம் சமர்ப்பிக்கப்படும் ஓசை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்து முழுவதையும் வாசித்தேன். கண்ணில் படக்கூடாது, காயத்தில் படக்கூடாது, உடுப்பால் மூடும் இடத்தில் பூசத் தேவையில்லை, வியர்த்தால் திரும்பப் பூசவேண்டும்.

"உண்ணி எதுக்கு?" என்று கேட்டேன்.

"எங்கட பக்கம் புல்லுக்குள்ள நடந்தால் காலில ஏறும், சித்தப்பா. கடிச்சால் பெரிய வருத்தம். வெளியில போகேக்க எல்லாரும் பூசுவினம்" என்றான் நிரோஷன்.

"உங்கொப்பா உண்ணி கடிச்சுச் சாகேல்லை" என்றேன். (சாவீட்டில் இப்படிக் கதைக்கிறவனை யாரும் அடிப்பதில்லை. அதுதான் சாவீட்டின் குறை.) பிறகு ஒரு துளியை விரலில் எடுத்துத் தேய்த்தேன். வழுக்கியது. மணந்து பார்த்தேன். மேலே மினுங்கியது. தீர்ப்புக் கிடைத்துவிட்டது.

"இது எண்ணெய். செத்தவீட்டுத் துடக்கு உள்ளவை எண்ணெய் தொடக்கூடாது. நாளைக்குக் கிரியை முடியுமட்டும் இந்தப் போத்தல் திறபடாது."

"எண்ணெய் இல்லை, சித்தப்பா. ஸ்பிரே."

"ஸ்பிரே எண்டது அது வாற வழி. வாறது என்ன எண்டதுதான் கேள்வி."

"குருக்களுக்கு ஒரு போன் எடுத்துக் கேப்பமே?" என்றார் அண்ணி.

இந்த இடத்தில் என் பல வருட உத்தியோகம் தன் சுயரூபத்தைக் காட்டியது. மேலிடத்திடம் கேட்கிறவன் விடயம் தெரியாதவன் என்பது எங்கள் கந்தோர் சம்பிரதாயம். "தெளிவான விசயத்துக்குக் கேள்வி எதுக்கு அண்ணி?" என்றேன். என் மனைவி சரோஜா சமையலறை வாசலில் நின்று, "இஞ்சேருங்கோ, நீங்கள் பெரிய அதிகாரி எண்டு நுளம்புக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டாள். அதை நான் பதிவில் சேர்க்கவில்லை.

மறுநாள் விடிய வாடகை வான் பிடித்து, கொட்டாஞ்சேனை தாண்டி முகத்துவாரம் போனோம். களனி ஆறு கடலில் விழும் இடம். மழை பெய்து விட்டிருந்தது. கரையோரப் பற்றைக்குள் வீசி எறிந்த யோகட் கோப்பைகளிலும் சிரட்டைகளிலும் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. டெங்கு நுளம்பு விடியலிலும் பின்னேரத்திலும்தான் கடிக்கும் என்று சுகாதாரப் பரிசோதகர் அண்ணா வீட்டுக்கு வந்தபோது சொல்லியிருந்தார். அவர் கொண்டுவந்த கடிதத்தில் முத்திரை சரியான இடத்தில் இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டிருந்ததில் நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

குருக்கள் வந்தார். தருப்பையைப் பிரிப்பதற்கு முன்பே பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் தன் கை, கால், கழுத்தெல்லாம் பூசினார். சிற்றோநெல்லாப் புல்லின் வாசம் அடித்தது. பிறகு அதை நிரோஷனிடம் நீட்டினார்.

"பூசும் தம்பி. இஞ்ச இருக்க ஏலாது."

நிரோஷன் என்னைப் பார்த்தான். அண்ணியும் என்னைப் பார்த்தார். பின்வாங்குவதற்கு அதைவிடக் கௌரவமான சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. குருக்களே கொடுக்கிறார், வாங்கிக் கொடுத்திருந்தால் கதை முடிந்தது. நான் முன்னால் வந்து, "வேண்டாம் ஐயா. நாங்கள் முறையாச் செய்யிற ஆக்கள்" என்றேன்.

குருக்கள் என்னை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்தார்.

"அப்ப இத்தனை வருசமும் நான் என்ன செய்துகொண்டிருக்கிறன்? துடக்குக்குத் தலையில வைக்கிற எண்ணெயைத்தான் ஐயா விலக்கினது. இது நுளம்பு மருந்து. துடக்கே இண்டையோட முடியப்போகுது."

"இருந்தாலும்..." என்றேன். (இந்த ஒரு சொல்லால் நாட்டில் எத்தனை நல்ல காரியங்கள் நின்றுபோயிருக்கின்றன!)

"சரி. முறையை நான் பாக்கிறன். நீங்கள் நுளம்பைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

பார்த்தேன். மழித்த தலையும் வெறும் முதுகுமாக நிரோஷன் இருந்தான். விரலில் தருப்பை, உள்ளங்கையில் பிண்டம். அடிக்க ஒரு கை மிச்சமில்லை. நுளம்புகள் அதை எப்படியோ அறிந்துகொண்டன. நான் அண்ணாவின் அந்தியேட்டி அழைப்பு அட்டைகளை விசிறியாக்கி அவன் பின்னால் நின்று வீசினேன். முதுகில் வீசினால் கழுத்துக்குப் போயின. கழுத்தில் வீசினால் காதுக்குப் பின்னால் போயின. ஒருதரம் அவசரப்பட்டு அவன் மொட்டந்தலையில் பளாரென்று அடித்துவிட்டேன். குருக்கள் மந்திரத்தை நிறுத்தி, "அது கிரியையில இல்லை, ஐயா" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணாவின் சாம்பல் ஆற்றில் கரைந்தபோது நான் அழவில்லை, என் சொந்தக் கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாறு நாள் கழித்து, பயணத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது நிரோஷனுக்குக் காய்ச்சல் வந்தது.

இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். முடிவை வாங்கியதும் நான். அதில் இருந்ததை அண்ணியிடம் சொல்லவேண்டியதும் நான்தான். சொன்னேன். அவர் அழுவார், ஏசுவார் என்று எதிர்பார்த்து, அதற்குத் தயாராக நின்றேன். அவர் அண்ணா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அதே பையை அலுமாரியிலிருந்து எடுத்து, அதற்குள் மகனுடைய உடுப்புகளை அடுக்கினார்.

அதே ஆஸ்பத்திரி. அதே மாடி. நான் நடைபாதை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தாதிமார் போகும்போதும் வரும்போதும் எழுந்து நின்று விசாரித்தேன். "பிளேற்லெட் இன்னும் இறங்குது" என்றார்கள். நோயாளரை வேறு வார்டுக்கு மாற்றும் நடைமுறை எனக்குத் தெரியும், முறைப்பாடு யாருக்குப் போடுவது என்றும் தெரியும். இரத்தத்தில் இறங்குகிற ஒன்றை ஏற்றுவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"தம்பி, இதுக்கும் ஏதும் முறை இருக்கோ?"

தாதி வரும் சத்தம் கேட்டு நான் எழுந்து நின்றேன்.

நிரோஷன் பிழைத்தான். ஆனால் விமானம் அவன் இல்லாமல் போயிற்று. கனடாவில் மகள் பிறந்தபோது அவன் கையில் சேலைன் ஊசியோடு கட்டிலில் கிடந்தான். தாதி ஒருத்தி போனைப் பிடித்துக் காட்ட, பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். "அப்பாவைப் பார், அப்பாவைப் பார்" என்று அந்தப் பக்கத்தில் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. நான் கதவடியில் நின்றிருந்தேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

இப்போது இது எங்கள் குடும்பத்தின் பகிடி. கலியாண வீட்டில் யாராவது கையில் களிம்பு பூசினால், "சித்தப்பாவிட்ட கேட்டியோ, இது எண்ணெயோ மருந்தோ?" என்பார்கள். மொட்டந்தலையில் நான் அடித்த அடி ஒவ்வொரு தடவை சொல்லப்படும்போதும் பலமாகிக்கொண்டே போகிறது. குருக்களின் வசனத்தைச் சரோஜா அவருடைய குரலிலேயே சொல்வாள். வாடகை வான் பேசுவதிலிருந்து வங்கிக்குப் போவது வரை நான் எதில் வாய் வைத்தாலும், "அதை நாங்கள் பாக்கிறம். நீங்கள் நுளம்பைப் பாருங்கோ."

பார்க்கிறேன். மெய்யாகவே அதுதான் என் கடைசி நியமனம். அண்ணாவின் திவசத்துக்கு ஒவ்வொரு வருடமும் நிரோஷன் மகளோடு வருகிறான். ஆற்றங்கரைக்குப் புறப்பட முதல் எல்லோரும் என் முன்னால் வரிசையில் நிற்கவேண்டும் என்பது அண்ணியின் உத்தரவு. போத்தல் என் கையில். கண்ணில் படாமல், காயத்தில் படாமல், பொடி எழுத்தில் உள்ளபடி பூசுகிறேன். சின்னவள் கையை நீட்டிக்கொண்டு, "தாத்தா, இது எண்ணெயா?" என்று கேட்பாள், யாரோ சொல்லிக்கொடுத்தபடி. எல்லோரும் சிரிப்பார்கள், நிரோஷனும்.

அண்ணி சிரிப்பதில்லை. நான் பூசி முடித்த பிறகு வந்து, மகனின் காதுக்குப் பின்னால் விரலால் தொட்டுப் பார்ப்பார்.

"இதில காய்ஞ்சு கிடக்கு, தம்பி" என்பார்.

நான் திரும்பவும் பூசுவேன்.