வேடனின் முதுகு

படத்தை மாட்ட வேண்டும், மாட்டிக்கொள்ளக் கூடாது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

வீட்டில் சட்டம் ஒரே வரி. பழைய நட்சத்திர வரைபடம் ஒன்று உள்ளே வந்தால், அவருடைய பொருள் ஒன்று வெளியே போக வேண்டும். இயற்றியவள் அவர் மனைவி, தையற்காரி. ஏற்கெனவே சுவரெங்கும் காளையும் தேளும் கரடியுமாக வானம் மேய்ந்துகொண்டிருந்தது.

இருந்தும் வந்துவிட்டது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டிய முந்நூறு வயதுப் படம். கூடத்தில் தொங்கும் படத்தின் அதே அளவு. அதே வேடன், அதே காளை. மனைவி நூல் வாங்கப் போயிருந்தபோது, அதன் சட்டத்தைக் கழற்றி, பழையதன் மேலேயே புதியதை வைத்து மூடினார். சட்டத்தைச் சட்டத்துக்குள் வைத்தே மீறியாயிற்று. அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மாலை கடையிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சுவரைப் பார்த்தார். வேறெதையும் பார்க்கவில்லை.

"ஏங்க, இந்த வேடன் இத்தனை நாளா நம்ம முகத்தைப் பார்த்துட்டு இருந்தான். இப்ப முதுகைக் காட்டுறான்?"

"உன்மேல கோவமா இருக்கும்."

"காளையும் வலதுலேருந்து இடது பக்கம் போயிருச்சு."

"நட்சத்திரம்னா நகரத்தாம்மா செய்யும். விஞ்ஞானம்."

"ஆணியடிச்சு மாட்டினதுமா?"

அவள் கிட்டே போய் மூக்கு உரசப் பார்த்தாள்.

"துணி தைக்கிறவளுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியாதா? எவனோ திருப்பி அச்சடிச்சுத் தொலைச்சிருக்கான். பழைய பேப்பர்காரர்கிட்டப் போட்டுரலாம்."

பொறுக்குமா அவருக்கு?

"என்ன தெரியும் உனக்கு? அந்தக் காலத்துல வானத்தை ரெண்டு விதமா வரைவாங்க. நாம கீழேருந்து அண்ணாந்து பார்க்கிற மாதிரி ஒண்ணு. கடவுள் வானத்துக்கு வெளியில நின்னு குனிஞ்சு பார்க்கிற மாதிரி இன்னொண்ணு. அவருக்கு முதுகுதானே தெரியும்? பின்னாடி இருக்கிறது மனுஷன் பார்வை, முன்னாடி இருக்கிறது கடவுள் பார்வை!"

"பின்னாடி வேற ஒண்ணு இருக்கா?"

ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவர் விழித்தார்.

"நேத்தே தெரியும்ங்க. உங்க வாயாலயே வரட்டும்னு இருந்தேன்."

"அப்ப... இதுல எது போகணும்?"

"ரெண்டும் இருக்கட்டும். அழகாத்தான் இருக்கு."

காதில் தேன் பாய்ந்தது. சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டடி பின்னுக்கு நகர்ந்து, அப்பாடா என்று தன் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார்.

தொப்பென்று தரையில் கிடந்தார்.

"நாற்காலி எங்கேடி?"

"நீங்க கடைக்குப் போனதும் எங்கண்ணன் வந்து தூக்கிட்டுப் போயிட்டாரு. ஒண்ணு வந்தா ஒண்ணு போகணும்ல?"

அவர் கையூன்றி எழப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு தலையணையைத் தூக்கிப் போட்டாள்.

"எதுக்கு எந்திரிக்கிறீங்க? மனுஷன் வானத்தைக் கீழேருந்துதான் பார்க்கணும்."